கேள்விப் பட்டியல் தயார், களத்தில் என்ன செய்வது?

(ஆய்வாளர்கள் சிலரின் கலந்துரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

சராசரிக்கு மேல்

எனக்குப் பழகியவை எண்கள். மாதிரிக் கணக்கெடுப்பு, வினாத்தாள், அட்டவணை என்றே இதுவரை காலம் போனது. இப்போது எடுத்திருக்கும் முனைவர் பட்ட ஆய்வு வேறு வகை. மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் துப்புரவுப் பணியாளர்களுக்குக் குப்பைப் பையில் கிடக்கும் ஊசி குத்திவிடுகிறது. பலர் அதை யாரிடமும் சொல்வதில்லை. பதிவேட்டில் ஏறுவது நடப்பதில் ஒரு பகுதிதான். மீதி ஏன் ஏறுவதில்லை என்பதுதான் என் ஆய்வு.

"களத்துக்குப் போ, பழகு, எழுது" என்கிறார் நெறியாளர். முறையியல் நூல்களைப் புரட்டினேன். எல்லாம் தத்துவத்தில் தொடங்கித் தத்துவத்திலேயே முடிகின்றன. வார்டு வாசலில் போய் நின்றபின் வாயைத் திறந்து என்ன சொல்வது என்று ஒருவரும் எழுதக் காணோம்.

நான் தயாரித்த பட்டியலிலிருந்து சில கேள்விகள்:

– ஊசி குத்திய காயத்தை நீங்கள் ஏன் நிர்வாகத்துக்குத் தெரிவிப்பதில்லை?
– பாதுகாப்பு விதிமுறைகள் குறித்து உங்களுக்கு எந்த அளவுக்கு விழிப்புணர்வு இருக்கிறது?
– மேற்பார்வையாளர்களின் அணுகுமுறை பற்றி உங்கள் கருத்து என்ன?
– நிலைமையை மேம்படுத்த உங்கள் பரிந்துரைகள் என்ன?

இந்தப் பட்டியல் போதுமா? எத்தனை பேரிடம் பேசினால் போதும்? பேசி முடித்தபின் குவிந்து கிடக்கும் பேச்சை என்ன செய்வது?

புழுதிக்கால்

ஆய்வின் அறநெறியைப் பார்த்து அனுமதி தரும் நெறிக்குழுவுக்கு ஒரு பட்டியல் கொடுத்தாக வேண்டும், அதனால் அதைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் கேள்வியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். விசாரணை அதிகாரி கேட்பது போல் இருக்கிறது. எதிரே இருப்பவர் என்ன செய்வார்? தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வரியில் நியாயம் சொல்வார்: "நேரம் இல்லை", "சின்னக் காயம்தானே". நீங்கள் அதை எழுதிக்கொண்டு வந்து "காரணங்கள்" என்ற தலைப்பின் கீழ் அடுக்குவீர்கள்.

சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் தன் நேர்காணல் அனுபவத்திலிருந்து இதைத்தான் சொன்னார். "ஏன்" என்று கேட்டால் ஆட்கள் தற்காப்புக்குப் போகிறார்கள், "எப்படி நடந்தது" என்று கேட்டால் கதை சொல்கிறார்கள். கதையில் ஆட்கள் வருவார்கள், நேரம் வரும், யார் என்ன சொன்னார் என்பது வரும். நீங்கள் தேடும் காரணம் அதற்குள் எங்கேயோ இருக்கும். பெரும்பாலும் சொல்பவருக்கே அது காரணம் என்று தோன்றியிருக்காது.

எனவே இப்படித் தொடங்குங்கள்: "கடைசியாக ஊசி குத்தியது எப்போது? அன்றைக்குப் பணிக்கு வந்ததிலிருந்து சொல்லுங்கள்." அதற்குப் பிறகு உங்களுக்குத் தேவையானவை மிகச் சின்னக் கேள்விகள். கையுறையைக் கழற்றிவிட்டு முதலில் எங்கே போனீர்கள்? பக்கத்தில் யார் இருந்தார்? அவர் என்ன சொன்னார்? அந்த ஊசியை என்ன செய்தீர்கள்? வீட்டில் எப்போது சொன்னீர்கள்? நடுவில் அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். மௌனத்தை நிரப்பும் அவசரம் கணக்கெடுப்பாளர்களுக்கு அதிகம்.

விழிப்புணர்வு, அணுகுமுறை, பரிந்துரை எல்லாம் திட்ட அறிக்கையில் வாழ்பவை. அவற்றைக் கேள்விக்குள் வைத்தால் பதிலும் திட்ட அறிக்கையாகவே வரும்.

கருத்துக் கேட்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1930களின் தொடக்கத்தில் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாப்பியர் ஓர் இளம் சீனத் தம்பதியுடன் அமெரிக்கா முழுவதும் பயணம் செய்தார். சீனர்கள் மீது வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம். தங்கும் விடுதிகளும் உணவகங்களுமாக 251 இடங்களில் ஏறி இறங்கினார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டபோது, பதில் எழுதியவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மாட்டோம் என்றார்கள். 1934இல் வெளியான கட்டுரை. சொல்வதும் செய்வதும் வேறுவேறு என்பதற்கு இன்றும் இதைத்தான் காட்டுகிறோம். உங்கள் பணியாளர்கள் "ஊசி குத்தினால் கட்டாயம் சொல்வேன்" என்றும் சொல்லலாம், "சொல்லவே மாட்டேன்" என்றும் சொல்லலாம். இரண்டையும் அப்படியே நம்பாமல், கடைசியாக நடந்ததைக் கேளுங்கள்.

இரவுப்பணி

நீண்ட காலம் செவிலியராக இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்தவள் நான். மற்ற அறிவுரைகளுக்கு முன் ஒன்று கேட்கிறேன். "நேற்றிரவு குத்தியது, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை" என்று ஒருவர் உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? இதற்குப் பதில் இல்லாமல் வார்டுக்குள் காலடி வைக்க வேண்டாம்.

ஐயப்பாட்டாளன்

எத்தனை பேர் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: பன்னிரண்டு. ஏனென்றால் எல்லா ஆய்வேட்டிலும் பன்னிரண்டு என்றுதான் இருக்கிறது. பன்னிரண்டு பேரிடம் பேசுவார்கள், "செறிவு எட்டப்பட்டது" (இனிப் புதிதாக ஒன்றும் வராது) என்று ஒரு வரி எழுதுவார்கள், நான்கு கருப்பொருள் "வெளிப்பட்டன" என்பார்கள். எங்கிருந்து வெளிப்பட்டன, யார் கண்ணில் பட்டன, கேட்கக் கூடாது. இதற்கும் நாலு பேர் கூடிப் பேசும் வம்புக்கும் என்ன வித்தியாசம்? கிண்டலுக்குக் கேட்கவில்லை. நானும் எண் பக்கத்து ஆள், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஓரக்குறிப்பு

அந்தப் பன்னிரண்டின் கதை தெரிந்தால் உங்கள் எரிச்சல் இன்னும் கூடும். 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற மூவர் எழுதிய கட்டுரை அது. கானா, நைஜீரியா நாடுகளில் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து, பேச்சின் துண்டுகளுக்கு இட்ட குறியீடுகளில் பெரும்பகுதி எந்த நேர்காணலோடு வந்துவிட்டது என்று பின்னோக்கிப் பார்த்தார்கள். முதல் பன்னிரண்டில் வந்துவிட்டது. ஆனால் ஒரே வகைப்பட்ட மக்கள், குறுகிய தலைப்பு, எல்லோரிடமும் ஒரே கேள்விகள் என்ற நிபந்தனைகளை அவர்களே எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டும் பலர் நிபந்தனைகளைக் களத்திலேயே விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

செறிவு என்ற கருத்து வந்த இடம் வேறு. சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் முன்வைத்தது. அதற்குமுன் அவர்கள் பார்த்ததும் மருத்துவமனைகளைத்தான்: இறந்துகொண்டிருக்கும் நோயாளி, அவருக்குத் தன் நிலை தெரியுமா, தெரியும் என்பது செவிலியருக்குத் தெரியுமா, தெரியாதது போல் இருவரும் நடிக்கிறார்களா என்று ஒவ்வொரு வார்டாகப் போய்ப் பார்த்தார்கள். ஒரு வார்டில் கண்டது அடுத்து எந்த வார்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. அவர்கள் சொன்ன செறிவு ஒரு கருத்தாக்கம் நிரம்புவதைப் பற்றியது. "இனிப் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை" என்று ஆய்வாளர் அலுத்துப் போவதற்கு அந்தப் பெயர் கிடையாது.

வம்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், வம்பு தனக்குச் சாதகமான கதையோடு நின்றுவிடும். ஆய்வாளர் தன் விளக்கத்தை உடைக்கக்கூடிய ஆளைத் தேடிப் போக வேண்டும். "வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்வதில்லை" என்று தோன்றுகிறதா? நிரந்தர வேலையில் இருந்தும் சொல்லாதவரைத் தேடுங்கள். ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே சொன்னவரைத் தேடுங்கள். முதல்முறை சொல்லிவிட்டு, இரண்டாம் முறை சொல்லாதவர் கிடைத்தால் அவரோடு அதிக நேரம் உட்காருங்கள். முதல்முறை சொன்னபோது என்ன நடந்தது என்பதில்தான் உங்கள் ஆய்வின் பாதி இருக்கும்.

இன்னொன்று. ஆட்களை மட்டும் எண்ண வேண்டாம். ஒருவரே நான்கு சம்பவங்களைச் சொல்வார், அவற்றில் ஒன்றை நிர்வாகத்திடம் சொல்லியிருப்பார், மூன்றைச் சொல்லியிருக்க மாட்டார். அவர் வாழ்க்கைக்குள்ளேயே ஒப்பீடு இருக்கிறது.

ஐயப்பாட்டாளன்

சரி, இது கொஞ்சம் உறைக்கிறது. ஆனாலும் இவ்வளவும் செய்தபின் எத்தனை விழுக்காட்டினர் சொல்வதில்லை என்று உங்களால் சொல்ல முடியாது.

ஓரக்குறிப்பு

முடியாது. சொல்லவும் கூடாது. "பெரும்பாலான பணியாளர்கள்" என்று பண்புசார் (எண்ணாமல், பேசியும் பார்த்தும் செய்யும்) ஆய்வேட்டில் எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கும் கோபம் வருகிறது. எத்தனை பேர் என்பதற்கு உங்கள் கணக்கெடுப்பு இருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பில் எதைக் கேட்க வேண்டும் என்பதையும், சொல்லாமல் விடுவது எந்த வழியில் நடக்கிறது என்பதையும் இதில் பார்க்கலாம்.

சராசரிக்கு மேல்

இரவுப்பணி அவர்களின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நெறிக்குழு விண்ணப்பத்தில் "தகவல் அனைத்தும் முழு ரகசியமாகக் காக்கப்படும்" என்று எழுதியிருக்கிறேன். அப்படி எழுதிவிட்டு மேற்பார்வையாளரிடம் போய் நிற்க முடியாது. கேட்டுவிட்டுச் சும்மா திரும்பி வருவதும் முடியாது.

இரவுப்பணி

முதலில் மருத்துவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊசி குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது, ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாள் எடுக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் படிந்த ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடு. ஹெபடைடிஸ் பி உள்ளவரின் இரத்தம் படிந்த ஊசி குத்தினால், தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவருக்கு அந்தக் கிருமி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை. எல்லோரும் நடுங்குவது முதலாவதற்கு, தடுப்பூசி இருந்தும் மறந்துவிடுவது இரண்டாவதை. அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது ரகசியம். மேற்பார்வையாளரிடம் போக வேண்டிய தேவையே இல்லை. அந்த மணி நேரக் கணக்கைச் சம்பந்தப்பட்டவரிடமே சொல்லுங்கள். எங்கே போனால் அவருடைய பெயர் பணிப் பதிவேட்டுக்குப் போகாமல் மருத்துவரைப் பார்க்க முடியும் என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். அப்படி ஒரு வழி இல்லை என்றால் அதுவும் உங்கள் கண்டுபிடிப்புதான். ஒரு சிறு அட்டையில் எழுதி, பேசும் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். எல்லோருக்கும் கொடுத்தால் யாரையும் அது காட்டிக்கொடுக்காது. விண்ணப்பத்திலும் இதை எழுதுங்கள்.

"முழு ரகசியம்" என்பதை அடித்துவிடுங்கள். உங்களால் காக்க முடிந்ததை மட்டும் வாக்குக் கொடுங்கள். பாஸ்டன் கல்லூரியின் பெல்ஃபாஸ்ட் வாய்மொழி வரலாற்றுத் திட்டம் நினைவிருக்கிறதா? வட அயர்லாந்து மோதலில் ஈடுபட்டவர்களிடம், நீங்கள் இறக்கும்வரை ஒலிப்பதிவு வெளியே வராது என்று சொல்லிப் பேச வைத்தார்கள். 2011இல் நீதிமன்ற ஆணை வந்தது. கல்லூரி வழக்காடியும் சில பதிவுகள் 2013இல் காவல்துறையின் கைக்குப் போயின. வாக்குக் கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள்.

புழுதிக்கால்

அட்டை கொடுப்பதை எதிர்க்கவில்லை. எப்போது கொடுப்பது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து. பேச்சின் தொடக்கத்திலேயே "72 மணி நேரம்" என்று ஆரம்பித்தால் நீங்கள் சுகாதாரத் துறை ஆள் ஆகிவிடுவீர்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் சுகாதாரத் துறைக்குச் சொல்லும் பதில். பேச்சு முடிந்தபின் கொடுங்கள்.

இரவுப்பணி

நேற்றிரவு குத்தியவர் விஷயத்தில் முடிந்தபின் என்ற பேச்சே கிடையாது. அந்த இடத்திலேயே ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். அதனால் களம் மாறினால் மாறட்டும், மாறியதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளட்டும். சமூகவியலாளர் ஆன் ஓக்லி தாயாகப் போகும் பெண்களை நேர்கண்டபோது அவர்கள் அவரிடமே கேள்வி கேட்டார்கள். நழுவிவிட வேண்டும் என்றன அன்றைய முறையியல் நூல்கள். அவர் பதில் சொன்னார். கேள்விக்குப் பதில் சொல்லாத ஆளிடம் யாரும் நெருக்கமாகப் பேச மாட்டார்கள் என்று 1981இல் எழுதினார். அதை நான் என் வேலையிலும் பார்த்திருக்கிறேன்.

புழுதிக்கால்

அந்த ஒரு நிலைக்கு ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்களுக்குக் கடைசியில் கொடுக்க வேண்டும் என்பதை விடமாட்டேன்.

மூன்றாம் வரிசை

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஐயா. எனக்கும் இதே தவிப்பு. நேர்காணலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். வார்டில் சும்மா நின்று பார்ப்பதை எப்படிச் செய்வது? அவர்கள் முன்னால் குறிப்பெடுக்கலாமா? கைப்பேசியை எடுத்துத் தட்டினால் படம் எடுக்கிறேன் என்று நினைக்க மாட்டார்களா?

புழுதிக்கால்

நினைப்பார்கள். கைப்பேசி வேண்டாம். சட்டைப் பையில் அடங்கும் ஒரு குறிப்பேடு, ஒரு பேனா. எழுதுவதை மறைக்காதீர்கள், கண்ணெதிரே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டும் நிற்காதீர்கள். ஓரிரு சொற்கள், ஒரு நேரம், ஒரு வாக்கியம் அப்படியே. பிறகு ஒதுக்குப்புறமாகப் போய் இன்னும் கொஞ்சம். வீடு திரும்பியதும், யாரிடமும் அதைப் பற்றிப் பேசுவதற்கு முன், முழுக் குறிப்பு. யாரிடமாவது சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தால், நடந்ததை எழுத மாட்டீர்கள், சொன்னதைத்தான் எழுதுவீர்கள். தூங்கிவிட்டு எழுதலாம் என்பதும் நடக்காது. உரையாடலின் சொற்கள்தான் முதலில் கரைந்துபோகும்.

என்ன எழுதுவது? புதியவர்கள் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்: "பணியாளர்கள் சோர்வாகவும் பாதுகாப்பில் அக்கறையின்றியும் காணப்பட்டனர்." இதில் ஒன்றுமே இல்லை, தீர்ப்புதான் இருக்கிறது. நான் இப்போது கற்பனையாக ஒன்று எழுதிக் காட்டுகிறேன்: "2.40. பையின் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறார். உடம்பில் படாமல் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபடி நடக்கிறார். வலது கையில் மட்டும் இரண்டு கையுறை. மேசையில் இருந்த செவிலியர் நிமிரவில்லை." சோர்வும் இல்லை, அக்கறையின்மையும் இல்லை. மாறாக, இரண்டு கையுறையும் நீட்டிய கையும் அவர் தனக்கென்று வகுத்துக்கொண்ட பாதுகாப்பு முறை. விதிமுறை நூலில் அது இருக்காது. அடுத்த நாள் அவரிடம் கேட்க உங்களுக்கு அருமையான கேள்வி கிடைத்துவிட்டது: வலது கையில் மட்டும் ஏன் இரண்டு? (இங்கே "ஏன்" வரலாம். வேலை நுணுக்கத்தைக் கேட்கும் "ஏன்" யாரையும் குத்தாது.)

கண்டது, காதால் கேட்டது, நீங்களாக ஊகித்தது மூன்றும் குறிப்பில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கேட்ட சொற்கள் அப்படியே நினைவிருந்தால் மேற்கோள் குறி, பொருள் மட்டும் நினைவிருந்தால் குறி இல்லாமல். இந்தச் சின்ன ஒழுங்கு இல்லாததால் ஆய்வேடு எழுதும்போது தன் ஊகத்தையே தகவலாளியின் வாக்காக மேற்கோள் காட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

துப்புரவுப் பணியாளர் ஆய்வு என்பதால் ஒரு பெயரைச் சொல்கிறேன். களத்தில் ஆய்வாளர் எடுக்கும் நிலைகளை முழுப் பங்கேற்பாளர், உற்றுநோக்கும் பங்கேற்பாளர், பங்கேற்கும் உற்றுநோக்குநர், முழு உற்றுநோக்குநர் என்று நான்காகப் பிரித்ததை எல்லாப் பாடநூலிலும் பார்ப்பீர்கள். 1958இல் அதை எழுதிய ரேமண்ட் கோல்ட் அதற்குமுன் ஆராய்ந்தது சிகாகோவின் அடுக்குமாடிக் கட்டடப் பராமரிப்புப் பணியாளர்களை. 1952இல் வந்த அந்தக் கட்டுரையில், குடியிருப்போரின் அந்தரங்கங்களை அவர்கள் வீசும் குப்பையிலிருந்தே இவர்கள் அறிந்து வைத்திருந்ததைக் காட்டுகிறார். உங்கள் ஆட்களும் அப்படித்தான். எந்த வார்டில் ஊசியைப் பெட்டியில் போடுகிறார்கள், எந்த வார்டில் பையில் வீசுகிறார்கள், யார் பணியில் இருக்கும் இரவு ஆபத்தானது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. "எந்த வார்டுக் குப்பை எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். இதுவரை குற்றவாளிக் கூண்டில் நின்றவர் நிபுணராகிவிடுவார். சிலர் அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

பொறுமை பற்றியும் ஒன்று. பாஸ்டன் நகரின் இத்தாலியக் குடியேறிகள் பகுதியில் 1930களின் பிற்பாதியில் வாழ்ந்து ஆராய்ந்த வில்லியம் ஃபூட் வைட், சூதாட்டம் நடத்துபவர் ஒருவரிடம் காவலர்களுக்குப் பணம் போகிறதா என்று நேராகவே கேட்டுவிட்டார். பேச்சு அதோடு நின்றது. அங்கே அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் மறுநாள் சொன்ன அறிவுரையின் சாரம்: யார், என்ன, ஏன் என்ற கேள்விகளைக் கொஞ்சம் குறை, உன்னை ஏற்றுக்கொண்டார்கள் என்றால் நீ கேட்காமலேயே காலப்போக்கில் பதில் வந்து சேரும். களத்து ஆள் ஆய்வாளருக்கு எடுத்த பாடம் என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

மூன்றாம் வரிசை

நன்றி ஐயா. குறிப்புகளை எங்கே வைப்பது? சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸின் குறிப்புகள் எரிந்த கதையைக் கேட்டதிலிருந்து பயம்.

புழுதிக்கால்

தெரியாதவர்களுக்காக: மைசூர் அருகே ஒரு கிராமத்தில் 1948இல் அவர் செய்த களஆய்வின் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கி எழுதிய ஆய்வு மையத்துக்குத் தீவைத்தார்கள். ஒழுங்குபடுத்திய குறிப்பின் மூன்று பிரதிகளும் அங்கேயே இருந்தன, மூன்றும் போயின. நினைவிலிருந்து எழுதிய நூல் 1976இல் வந்தது. மூன்று பிரதி எடுப்பதில் பயனில்லை, மூன்று இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் உங்கள் காலத்துச் சிக்கல் இன்னொன்று: இடம் கூடக்கூடக் கசியும் வழியும் கூடும். கோப்பைப் பூட்டி வையுங்கள். பெயரும் புனைபெயரும் சேர்ந்த பட்டியலைக் குறிப்புகளோடு வைக்காதீர்கள்.

ஓரக்குறிப்பு

மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது: குவிந்த பேச்சை என்ன செய்வது?

குவிய விடக் கூடாது. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்துப்படியாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டு எழுதலாம் என்று வைத்தவர்கள் களம் முடிந்தபின் மாதக்கணக்கில் காதில் கருவியோடு உட்கார்ந்திருப்பார்கள். அதைவிடப் பெரிய நட்டம், மூன்றாவது ஆள் சொன்னதில் இருந்த நூலை நான்காவது ஆளிடம் பிடிக்க முடியாமல் போவது. எனவே அடுத்த நேர்காணலுக்கு முன் முந்தையதைப் படித்து முடித்திருக்க வேண்டும். கேள்விகள் அதற்கேற்ப மாற வேண்டும். கணக்கெடுப்பில் நடுவழியில் கேள்வியை மாற்றினால் பாவம், இங்கே மாற்றாவிட்டால்தான் பாவம்.

குறியீடு இடுவதைத் தலைப்பு ஒட்டும் வேலையாகச் செய்யாதீர்கள். ஒரு துண்டு, நானே புனைந்தது:

"குத்தினது தெரிந்ததும் கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன். வார்டுச் செவிலியர் நல்லவர்தான். சொன்னால் யார் போட்ட ஊசி என்று கேட்பார்கள், அவர் பெயர் வரும்."

"பயம்", "தெரிவிக்காமை" என்று பெயர் சூட்டினால் வேலை முடிந்துவிட்டது, ஆய்வும் முடிந்துவிட்டது. அவர் இங்கே என்ன செய்கிறார் என்று கேளுங்கள். "காயத்தை மறைத்தல்" ஒன்று. "நல்லவரைக் காப்பாற்றுதல்" இன்னொன்று. தன் காயத்தைச் சொல்வது பக்கத்தில் இருப்பவர்மேல் புகார் ஆகிவிடுகிறது என்று ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். வேலை பயம், அறியாமை என்று நீங்கள் கொண்டுபோன விளக்கங்களில் இது இல்லை. அடுத்து, செவிலியரோடு உறவு சரியில்லாத ஒருவர் சொல்கிறாரா என்று தேடலாம். குறியீட்டுச் சொல் வினையாக இருந்தால் மூளை ஓடும். பெயர்ச்சொல்லாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

மென்பொருள் தேவையா என்று அடுத்து கேட்பீர்கள். அடுக்கி வைக்க உதவும். யோசிக்க உதவாது.

ஐயப்பாட்டாளன்

ஒலியை எழுத்தாக்க இப்போது கருவிகள் இருக்கின்றனவே, ஆறு மணி நேரம் எதற்கு?

ஓரக்குறிப்பு

இரண்டு காரணம். வெளியார் சேவையில் ஒலிப்பதிவை ஏற்றினால் அது யார் கணினியில் தங்குகிறது என்று ஒப்புதல் படிவத்தில் எழுத வேண்டும். எழுதிப் பாருங்கள், கையெழுத்துப் போடுபவர் முகம் மாறும். அடுத்தது, முதல் சில பதிவுகளையாவது நீங்களே தட்டச்சு செய்யும்போதுதான் எங்கே குறுக்கே பேசினீர்கள் என்று தெரியும். பிறகு உங்கள் கணினியிலேயே இயங்கும் கருவி கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்த மறக்க வேண்டாம்.

சராசரிக்கு மேல்

அனுமதி கிடைத்தது, ஆனால் வில்லங்கத்தோடு. துப்புரவுப் பிரிவு மேற்பார்வையாளர் மிக ஒத்துழைப்பாகப் பேசினார். "நன்றாகப் பேசக்கூடிய ஆட்களாக நானே பொறுக்கித் தருகிறேன், என் அறையிலேயே உட்கார்ந்து பேசலாம், கடைசியில் யார் யாரிடம் பேசினீர்கள் என்ற பட்டியலை மட்டும் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். மறுத்தால் கதவு மூடிவிடும் போல இருக்கிறது.

இரவுப்பணி

பட்டியல் கொடுக்கவே கூடாது. நெறிக்குழுவின் மேல் பழியைப் போடுங்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது: "பங்கேற்பாளர் பெயரை வெளியிட எனக்கு அனுமதி இல்லை" என்று எழுத்தில் கொடுங்கள். அறை வேண்டாம். பணி நேரத்துக்கு வெளியே, அவர்கள் சொல்லும் இடத்தில் பேசுங்கள். மேற்பார்வையாளரையும் ஒரு தகவலாளியாக நேர்காணுங்கள். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், காயங்களின் எண்ணிக்கை கூடினால் அவருக்கு என்ன கேள்வி வருகிறது என்று கேளுங்கள். பேச இடம் கிடைத்தால் மற்றவர்களைப் பற்றிய கெடுபிடி தளரும்.

புழுதிக்கால்

அவர் பொறுக்கித் தரும் இரண்டொருவரிடமும் பேசுங்கள், மரியாதைக்கு. யாரைப் பொறுக்குகிறார் என்பதே ஒரு தகவல்.

பெயரை மாற்றினால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றைப் பற்றி விடிச், பென்ஸ்மன் என்ற இருவர் 1958இல் எழுதினார்கள். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் மாற்றியாகிவிட்டது. ஆனால் உள்ளூரில் ஒவ்வொருவருக்கும் யார் யார் என்று தெரிந்தது. சுதந்திர தின ஊர்வலத்தில் எருவண்டி ஒன்றில் நூலாசிரியரின் உருவப்பொம்மையை எருக்குவியல்மேல் குனிந்த நிலையில் வைத்து இழுத்துப் போனார்கள். உங்கள் மருத்துவமனையில் இரவுப் பணியில், குறிப்பிட்ட வார்டில், இரண்டு முறை குத்துப்பட்ட, நடுவயதுப் பெண் என்று எழுதினால் பெயர் எதற்கு? வார்டை மாற்றுங்கள், இருவரின் விவரங்களைக் கலந்து எழுதுவதென்றால் கலந்திருக்கிறேன் என்று முறையியல் அத்தியாயத்தில் சொல்லுங்கள்.

சராசரிக்கு மேல்

கடிதத்தைத் திருத்தி அனுப்பிவிட்டேன். பெயர்ப் பட்டியல் இல்லை, "முழு ரகசியம்" என்ற வரி இல்லை, அட்டையின் மாதிரி இணைப்பில் இருக்கிறது. கேள்விப் பட்டியலில் இரண்டே மிஞ்சின: கடைசியாகக் குத்தியபோது நடந்தது, எந்த வார்டுக் குப்பை எப்படி இருக்கும் என்பது. முதலில் காயத்தைத் தெரிவித்த ஒருவரிடம் பேசலாம் என்று நினைக்கிறேன். காயப் பதிவேட்டைக் காட்டுவதாக அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள், அதில் பெயர் இருக்கும்.

புழுதிக்கால்

பதிவேட்டைப் பார்த்துப் பெயர் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "என் பெயர் இவருக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான் அவருடைய முதல் எண்ணமாக இருக்கும், அது நொடியில் மற்றவர்களுக்கும் பரவும். பதிவேட்டிலிருந்து எண்ணிக்கையும் தேதியும் மட்டும் போதும். வார்டில் சில இரவுகள் நின்றபின், "இங்கே யாராவது போய்ச் சொல்லியிருக்கிறார்களா?" என்று பொதுவாகக் கேளுங்கள். யாரைக் கைகாட்டுகிறார்கள், கைகாட்டும்போது அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதை அப்படியே குறித்துக்கொண்டு, அவர்கள் வழியாகவே அவரிடம் போங்கள்.